கொஞ்சங் கொஞ்சமாகத்தான் குறையும். மனசு மட்டும் தளரக்கூடாது

உடல்நலப் பகுதி



"டிரஸர் ஐயா, இந்தாங்க நோட்டு. இனிமே நான் நிறுத்துப் பாக்க வரமாட்டேன்."

இப்படிச் சொல்லி, கோடு போட்ட சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றை என் மேசைமேல் வைத்துவிட்டு நின்றார் ஓர் அக்காள். நான் தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்த்த கடைசிக் காலத்தில் நடந்தது இது. அக்காளுக்கு வயது 46. உயரம் 155 சென்டிமீட்டர். இளவயதில் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு நாற்று மேடையில் வேலை. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, இரண்டு முட்டியிலும் வலி. முதன் முதலில் நிறுத்துப் பார்த்தபோது 108 கிலோ இருந்தார்.

அவருடைய தாயாருக்கு இனிப்பு நீரால் கால் புண்ணாகி, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலைக் கழுவிக் கட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டவர் இந்த மகள்தான். "எனக்கும் அந்த கதி வரக்கூடாது" என்ற பயம்தான் அவரைத் தராசில் ஏற வைத்தது.

முதல் மாதம் 3 கிலோ குறைந்தது. இரண்டாம் மாதம் 2 கிலோ. மூன்றாம் மாதம் ஒன்றரை. நான்காம் மாதம் அரை கிலோ. ஐந்தாம் மாதம் ஒன்றுமே குறையவில்லை. 200 கிராம் கூடியே இருந்தது. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, சாயந்திரம் லயத்துச் சாலையில் நடந்து, கடைசியில் ஏற்றந்தானா? யாருக்குத்தான் மனசு விட்டுப் போகாது?

நான் அவரை உட்காரச் சொல்லிச் சில கேள்விகள் கேட்டேன்.

"முன்னே கழிவறையில உக்காந்து எழுந்திரிக்க சுவத்தைப் பிடிப்பீங்களே, இப்ப?"

"இப்ப பிடிக்கிறதில்ல."

"ராத்திரி எத்தனை தடவை எழுந்து போறீங்க?"

"முன்னே நாலு தடவை. இப்ப ஒண்ணு."

"பெரட்டுக் களத்துல இருந்து நாற்று மேடைக்கு நடக்கும்போது மூச்சு வாங்குதா?"

"அது... வாங்கல." சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது.

அரசாங்கக் கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனைக் கார்டை வாங்கிப் பார்த்தேன். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைக் காட்டும் எச்பிஏ1சி 9.8-லிருந்து 8.1-க்கு இறங்கியிருந்தது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல வேண்டும்? அவர் ஒன்றும் பேசாமல் நோட்டை எடுத்துக்கொண்டார்.

இந்த அக்காளைப் போல் ஐந்தாம் மாதத்தில் நோட்டை மூடி வைத்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

இது நம் வீட்டுப் பிரச்சினை

2019-ஆம் ஆண்டில் மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய சுகாதார ஆய்வு என்ன சொல்கிறது? நாட்டில் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோ உடற்பருமனோ உடையவர்கள். இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் இது 63.9 விழுக்காடு. இனிப்பு நீரை எடுத்துக்கொண்டால், நாட்டுக் கணக்கு 18.3 விழுக்காடாக இருந்தபோது இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. 2023-ல் எடுத்த ஆய்வில் எடை மிகுந்தவர்களின் நாட்டுக் கணக்கு 54.4 விழுக்காடாக ஏறிவிட்டது.

நம்முடைய உடம்பு வாகுக்குத் தொப்பை ஒரு தனி எதிரி. அதனால்தான் நம் நாட்டு மருத்துவ வழிகாட்டி, உடல் நிறைக் குறியீடு 23 ஆனாலே எடை அதிகம் என்றும், 27.5 ஆனால் உடற்பருமன் என்றும் சொல்கிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் நம் ஆட்கள் விடியுமுன்னே எழுந்து, ஒரு நிரையில் 500, 600 மரம் வெட்டி, பால் எடுத்து, காண்டா வாளியில் சுமந்து ஸ்டோருக்கு வந்து சேர்ந்தார்கள். தட்டு நிறையச் சோறு தின்றாலும் உழைப்பு அதைத் தின்றுவிட்டது. இன்று பலர் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்துவிட்டோம். காவலாளி வேலை, தொழிற்சாலை வேலை, லாரி ஓட்டும் வேலை. தோட்டத்திலேயே இருப்பவர்களுக்கும் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. உழைப்பின் கனம் குறைந்தது. சோற்றுத் தட்டின் கனம் குறையவில்லை. இது ஒருவருடைய சோம்பேறித்தனம் அல்ல. நம் வாழ்க்கையே மாறிப்போனதன் விளைவு. ஆகவே எடை கூடியவர்கள் முதலில் தங்களைத் தாங்களே திட்டிக்கொள்வதை விடவேண்டும். வெட்கப்படுகிறவர் தராசில் ஏறமாட்டார்; ஏறாதவருக்கு வழி தெரியாது.

மரம் வெட்டியவருக்குத் தெரியாததா?

ரப்பர் கன்று நட்டால் மறு வருஷமே பால் வடிகிறதா? ஐந்தாறு ஆண்டு காத்திருக்கிறோம். வெட்டும்போதும் ஒவ்வொரு தடவையும் மெல்லிசாகத்தான் பட்டையைச் சீவுகிறோம். ஒரே நாளில் நிறையப் பால் வேண்டும் என்று கத்தியை ஆழமாக இறக்கினால் என்ன ஆகும்? மரத்தில் காயம் விழும், புதுப்பட்டை சரியாக வளராது, முடிச்சு முடிச்சாக நிற்கும். மண்டோரிடம் திட்டு வாங்கிய அனுபவம் பலருக்கு இருக்கும்!

நம் உடம்பும் அப்படித்தான். பட்டினி கிடந்து எடையைத் தடாலென்று இறக்கினால் கொழுப்போடு சேர்ந்து சதையும் கரைகிறது. பித்தப்பையில் கல் உண்டாகலாம். தலை சுற்றும், முடி கொட்டும், வேலை செய்யத் தெம்பிருக்காது.

வாரத்துக்கு அரை கிலோ என்பது நல்ல வேகம். பழைய கணக்கில் சொன்னால் வாரம் ஒரு காட்டிக்கும் குறைவு. பிறகு அது மாதம் ஒரு கிலோவாகக் குறைந்தாலும் பரவாயில்லை. மாதம் ஒரு கிலோ என்றால் ஆண்டுக்கு 12 கிலோ. மார்க்கெட்டில் 10 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிப் பாருங்கள். அதைவிட அதிகமான சுமையை இராப்பகலாக முதுகில் கட்டிக்கொண்டு நடந்தவர், அதை இறக்கி வைத்துவிட்டார் என்று அர்த்தம்.

முட்டி வலி உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அமெரிக்காவில் முழங்கால் தேய்ந்தவர்களை வைத்து நடத்தி 2005-ல் வெளியான ஆய்வில், உடம்பில் ஒரு பங்கு எடை குறைந்தால் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முட்டியின்மேல் விழும் பாரம் நான்கு பங்கு குறைகிறது என்று கண்டார்கள். அப்படியானால் 7 கிலோ குறைத்த நம் அக்காளுக்கு, ஒவ்வோர் அடிக்கும் 28 கிலோ பாரம் இறங்கியிருக்கிறது. தராசு இதைச் சொல்லுமா? முட்டிதான் சொல்லும்.

ஏன் நடுவில் நின்றுபோகிறது?

"சாப்பாட்டைக் குறைச்சுக்கிட்டுத்தானே இருக்கேன், ஏன் எறங்க மாட்டேங்குது?" இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் உண்டு.

முதலாவது, தொடக்கத்தில் வேகமாக இறங்கியதில் ஒரு பகுதி தண்ணீர். சோறும் சீனியும் குறைந்தவுடன், உடம்பில் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்தும் அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் முதலில் வெளியேறுகின்றன. அது தீர்ந்த பிறகே கொழுப்பின் கணக்கு தெரிகிறது. கொழுப்பு மெல்லத்தான் கரையும்.

இரண்டாவது, 108 கிலோ லாரிக்கு வேண்டிய பெட்ரோல் 98 கிலோ லாரிக்கு வேண்டியதில்லை. எடை குறையக் குறைய உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறைகிறது. ஆகவே முதல் மாதம் வேலை செய்த அதே சாப்பாட்டு அளவு, ஐந்தாம் மாதம் எடையை நிறுத்தி வைக்க மட்டுமே போதுமானதாகிவிடுகிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது: பசி. எடை குறைந்ததும் உடம்பு, "பஞ்சம் வந்துவிட்டது" என்று நினைத்துக்கொள்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் 2016-ல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் செலவு நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ நாளொன்றுக்கு 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது. அதாவது நாம் ஓர் அடி முன்னே வைத்தால், பசி நம்மை மூன்று அடி பின்னே இழுக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் மனசுக்கு ஓர் ஆறுதல் உண்டு. நின்றுபோனது நம் மன உறுதியின் தோல்வியல்ல. இலையுதிர் காலத்தில் பால் குறைகிறது. அதற்காக மரம் செத்துவிட்டது என்று யாராவது வெட்டிப் போடுகிறோமா? மரம் துளிர்க்கும் வரை பொறுக்கிறோம். எடை நின்றுபோகும் மாதங்களும் அப்படித்தான். கூடாமல் நிற்கிறதே, அதுவே ஒரு வெற்றி.

தராசு சொல்லும் அரைப் பொய்

ஒரே நாளைக்குள் ஒருவருடைய எடை ஒன்று, இரண்டு கிலோ ஏறி இறங்கும். முதல் நாள் இரவு கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் சாப்பிட்டால், உப்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். காலையில் தராசு ஒரு கிலோ கூடக் காட்டும். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டியும் இப்படித்தான். அது கொழுப்பல்ல.

ஸ்டோரில் தினமும் பால் நிறுக்கிறார்கள். மழை பெய்த நாளில் குறைவாக இருக்கும், நல்ல நாளில் கூடுதலாக இருக்கும். கிராணி ஒரு நாள் கணக்கை வைத்தா மரத்தை எடை போடுகிறார்? மாதக் கணக்கைத்தானே பார்க்கிறார்! நாமும் அப்படியே செய்வோம். வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலைக்கடன் முடித்து, பசியாறுமுன், ஒரே மாதிரி உடையில், ஒரே தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாதீர்கள். இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

"தராசைப் பாத்தாலே பயமா இருக்குது, நான் நிறுக்கவே மாட்டேன்" என்பதும் சரியல்ல. அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய ஒரு தேசியப் பதிவேட்டில், 13.6 கிலோவுக்குக் குறையாமல் எடை குறைத்து, ஓராண்டுக்கு மேல் அதைக் காப்பாற்றி வருபவர்களைச் சேர்த்து வருகிறார்கள். அவர்களில் நான்கில் மூன்று பேர் வாரம் ஒரு முறையாவது நிறுத்துப் பார்க்கிறவர்கள். பத்தில் ஒன்பது பேர் சராசரியாகத் தினம் ஒரு மணி நேரம் நடை போன்ற உடலுழைப்பு செய்கிறவர்கள். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. விடாமல் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

108 கிலோ உள்ளவர் "60 கிலோவுக்கு வரவேண்டும்" என்று நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கும். அவ்வளவு தூரத்தை ஒரே பார்வையில் பார்க்கக்கூடாது. நான் சொல்லிக் கொடுக்கும் முறை இது:

1. முதல் எல்லை நூற்றுக்கு ஐந்து. 108 கிலோவுக்கு 5.4 கிலோ. இவ்வளவு குறைந்தாலே சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இறங்கத் தொடங்குகின்றன. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடத்தி 2002-ல் வெளியான ஆய்வில், இனிப்பு நீர் வரும் நிலையில் இருந்தவர்களுக்கு நூற்றுக்கு ஏழு பங்கு எடையைக் குறைப்பதும், வாரம் 150 நிமிடம் நடப்பதும்தான் இலக்கு. அந்தக் குழுவில் புதிதாக இனிப்பு நீர் வருவது 58 விழுக்காடு குறைந்தது.

2. தராசில் தெரியாததையும் எழுதுங்கள். இடுப்பளவு, கைலியை எந்த மடிப்பில் கட்டுகிறோம், வளையல் தளர்ந்ததா, மூச்சு வாங்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, இரவுத் தூக்கம், சர்க்கரை, இரத்தக் கொதிப்பு. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியான ஆய்வு நமக்கு மிக நெருக்கமானது. இனிப்பு நீர் வரும் நிலையில் இருந்த 531 பேரில், உணவையும் நடையையும் மாற்றிக்கொண்ட குழுவுக்கு எடை குறிப்பிடும்படி குறையாமலேயே இனிப்பு நீர் வரும் ஆபத்து 28.5 விழுக்காடு குறைந்தது. தராசு அசையாத மாதத்திலும் நம் உழைப்பு வீணாகவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

3. செயலை இலக்காக வையுங்கள். "இந்த மாதம் 2 கிலோ" என்பது நம் கையில் இல்லை. "இந்த வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் நடப்பேன், தேத்தண்ணியில் பால் போடமாட்டேன்" என்பது நம் கையில் இருக்கிறது. நடந்த நாளுக்கு நாட்காட்டியில் ஒரு கோடு போடுங்கள்.

4. காரணத்தை எழுதி வையுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி. நம் அக்காள் எழுதியது: "என் மக எனக்குக் கட்டுப் போடக்கூடாது." அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை இரண்டு மாதம் இழுக்கும். இந்த மாதிரி வரி இரண்டு வருஷம் இழுக்கும்.

5. ஒரு துணையைத் தேடிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அண்ணியோ, சொந்த மகனோ. "வாங்கக்கா, நடக்கலாம்" என்று வாசலில் ஒருவர் வந்து நின்றால் மழைச்சாக்கு சொல்ல முடியாது.

தட்டிலும் கோப்பையிலும்

பட்டினி வேண்டாம். மாற்றி வைத்தால் போதும்.

முதலில் தேத்தண்ணி. ஒரு மேசைக்கரண்டி கெட்டிப்பாலில் ஏறக்குறைய 65 கலோரி. கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு மூன்று கோப்பை என்றால் 390 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. இருபது நாள் தேத்தண்ணிக் கணக்கே ஒரு கிலோவுக்கு வந்துவிடுகிறது! உடம்பு கணக்குப் புத்தகம் போல் நடக்காது, ஆனாலும் போகிற திசை இதுதான். ஒரே நாளில் 'தே ஓ கோசோங்'குக்கு மாற முடியாதவர்கள் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். நாக்கு பழகிவிடும்.

அடுத்தது சோறு. சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறை நல்ல முறை. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, டெம்பே போன்றவை, பாதித் தட்டுக் காய்கறியும் பழமும். கங்குங், பாயம், முருங்கைக்கீரை, புடலங்காய், பாகற்காய் எல்லாம் வீட்டுக்குப் பின்னால் வளரக்கூடியவைதாமே! முதலில் காயும் மீனும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றைத் தொட்டுப் பாருங்கள், பசி அடங்கியிருக்கும்.

ரொட்டி சானாய் ஒன்று ஏறக்குறைய 300 கலோரி. தினமும் இரண்டு சாப்பிடுகிறவர் வாரம் ஒரு நாள் ஒன்று என்று வைத்துக்கொண்டால் வாழ்க்கை கெட்டுவிடாது. அறவே விட்டுவிட வேண்டும் என்று சபதம் போடாதீர்கள். சபதம் உடைந்தால் மனசும் சேர்ந்து உடைகிறது.

நடையோடு கூட, நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதைப் பழகுங்கள். தொடைச் சதை வலுவாக இருந்தால் முட்டிக்கும் நல்லது, எடை குறையும்போது சதை கரைவதும் குறையும்.

ஊர் வாயும் உறவினர் அன்பும்

எடை குறைப்பவருக்கு வரும் பெரிய சோதனை இதுதான். ஐந்து கிலோ குறைந்ததும், கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம், "என்னா இப்படி எளச்சுப் போயிட்டே? சக்கரை முத்திடுச்சா?" என்று கேட்கிறார்கள். நம் சமுதாயத்தில் பூசினாற்போல் இருப்பதுதான் ஆரோக்கியம் என்று ஒரு நினைப்பு. பாவம், அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. "ஆமாம், சர்க்கரை முத்தக்கூடாதுன்னுதான் எளைக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நகருங்கள்.

விருந்து வீட்டில், "ஒரு கரண்டி பாயசம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று வற்புறுத்துவார்கள். ஒரு கரண்டி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது கரண்டிக்குக் கையை இலைமேல் வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி கால் தட்டுச் சோறு சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து பொரித்த கோழியைக் கடித்துக்கொண்டே, "நீ எங்கே குறையப் போறே" என்று கேலி பேசும் கணவன்மாரே! அந்த ஒரு சொல் ஒரு மாத உழைப்பைக் கெடுத்துவிடும். குடும்பத்துக்கு ஒரே சமையலாக இருக்கட்டும். அவளுக்கு நல்லது உங்களுக்கும் நல்லதுதான்.

சறுக்கினால்?

தீபாவளி வரும், திருவிழா வரும், சாவு வீடு வரும். இரண்டு மூன்று நாள் எல்லாம் கலைந்துபோகும். அப்போது, "போச்சு, எல்லாம் போச்சு" என்று மூன்று நாளை மூன்று மாதமாக ஆக்கிக்கொள்கிறோமே, அதுதான் ஆபத்து. மழையால் ஒரு நாள் பால் வெட்டு நின்றால், மறுநாள் கத்தியைத் தீட்டிக்கொண்டு போகிறோம் அல்லவா? அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அடுத்த வேளைச் சாப்பாடே தொடக்கம்.

குறுக்கு வழிகளில் சிக்காதீர்கள்

எடை நின்றுபோகும் நேரத்தில்தான் மெலிவு மாத்திரைக்காரர்களும் மெலிவுக் காப்பிக்காரர்களும் கதவைத் தட்டுகிறார்கள். இப்போது கைத்தொலைபேசியிலேயே வந்துவிடுகிறார்கள். "பத்து நாளில் பத்து கிலோ" என்றால் நம்பாதீர்கள். இப்படிப்பட்ட பல பொருள்களில் சிபுட்ராமின் என்ற மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து கூடியதால் 2010-ல் பல நாடுகளில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. பதிவு பெற்ற மருந்தில் 'எம்.ஏ.எல்.' எண் இருக்கும். அது இல்லாததை வாயில் வைக்காதீர்கள்.

டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் புதிய ஊசி மருந்துகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். செமாகுளுடைட் என்ற ஊசியால் 68 வாரத்தில் சராசரியாக நூற்றுக்குப் பதினைந்து பங்கு எடை குறைந்ததாக 2021-ல் ஆய்வு வெளியானது. ஆனால் ஊசியை நிறுத்திய ஓராண்டில், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்று 2022-ல் தெரியவந்தது. விலையும் அதிகம். தேவைப்படுவோருக்கு அது உதவும். டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது. ஊசி போட்டாலும் தட்டும் நடையும் மாறத்தான் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் கிளினிக்கில் சொல்லாமல் சாப்பாட்டைத் திடீரென்று குறைக்கக்கூடாது. சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வரலாம். எடை குறையக் குறைய மருந்தின் அளவையும் டாக்டர் மாற்ற வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். கருவுற்ற பெண்கள் எடை குறைக்கும் முயற்சியில் இறங்க வேண்டாம். எந்த முயற்சியும் செய்யாமல் தானாக எடை இறங்கினால் சந்தோஷப்படாமல் உடனே டாக்டரைப் பாருங்கள். காசநோய், இனிப்பு நீர், புற்று என்று பல காரணம் இருக்கலாம்.

சங்கக் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நல்ல தராசும் ஓர் அளவு நாடாவும் வாங்கி வைக்க அதிகப் பணம் ஆகாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதர் பகுதியினர் கூடி நிறுத்து, இரத்தக் கொதிப்புப் பார்த்து, சேர்ந்து நடக்கலாமே! எடையை உரக்கச் சொல்லிக் கேலி செய்யக்கூடாது. அவரவர் நோட்டில் அவரவர் எழுதிக்கொள்ளட்டும். சொக்சோ 2013-ல் தொடங்கிய உடற்பரிசோதனைத் திட்டம், 2019-ல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம் ஆகியவற்றில் 40 வயதைத் தாண்டிய நம் உறுப்பினர்களுக்குத் தகுதி உண்டா என்று கிளைச் செயலாளர்கள் கேட்டுச் சொல்ல வேண்டும்.

அக்காளின் நோட்டு

அந்த அக்காள் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அதற்குப் பிறகும் இரண்டு முறை எடை நின்றது. ஒரு முறை மகள் கல்யாணத்தை ஒட்டி 4 கிலோ ஏறியும் விட்டது. மாதம் முக்கால் கிலோ, ஒரு கிலோ, சில மாதம் ஒன்றுமில்லை. இரண்டரை ஆண்டு முடிந்தபோது 81 கிலோ. அட்டவணைப்படி பார்த்தால் 81 கிலோவும் அவர் உயரத்துக்கு அதிகந்தான். ஆனால் எச்பிஏ1சி 6.9. இரத்தக் கொதிப்பு மாத்திரையில் ஒன்றை டாக்டர் நிறுத்திவிட்டார். காலில் ஒரு புண்ணும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பத்துமலைக்குப் போய் 272 படியையும் ஏறியிருக்கிறார். நான்கு இடத்தில் உட்கார்ந்துதான் ஏறினாராம். எனக்கு நோட்டைக் காட்டினார். தேதி போட்டு, எடை எழுதும் இடத்தில் எடையை எழுதாமல், "272" என்று எழுதி வைத்திருந்தார்.

"இப்ப நோட்டைத் திருப்பிக் கொடுக்கிறீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"பக்கம் தீந்து போச்சு டிரஸர் ஐயா. புது நோட்டு ஒண்ணு இருந்தாக் கொடுங்க" என்றார்.

சகோதரர்களே, சகோதரிகளே! மூடி வைத்த நோட்டு உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால் இன்றைக்கே தூசி தட்டி எடுங்கள். விட்ட இடத்தில் இருந்து எழுதலாம். நலமாய் வாழ்வோம்.